வேனுக்கு நாலு சக்கர இழுவை எதற்கு?

திருப்பதியை ஒட்டிய சந்திரகிரியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து செம்மண் தொடங்கிவிடும், செம்மண் முடிந்தால் கல். வடக்கே சேஷாசல மலை, மேற்கே பீலேரு போகும் வழியில் பாகராபேட்டைக் கணவாய், ஊரை ஒட்டி வருடத்தில் பாதி நாள் மணலாகவும் மீதி நாள் வெள்ளமாகவும் கிடக்கும் சுவர்ணமுகி. இப்படிப்பட்ட நிலத்தில் ஆம்னியோ ஈகோவோ வைத்திருப்பவர்களிடம் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வேன் மலைக்கும் காட்டுக்கும் உதவாது, நாலு சக்கரமும் இழுத்தால்தான் போகும் என்கிறார்கள். கம்பெனி அப்படி ஒரு வேனை இங்கே விற்பதில்லை என்பதால், சென்னை புதுப்பேட்டையில் உடைத்துப் போட்ட மாருதி ஜிப்சியின் முன் அச்சு ஹவுசிங்கையும், இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் வாங்கி வந்து வீட்டுக் கொட்டகையிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்பது அடுத்த படி. வெல்டிங்கும் லேத்தும் தெரிந்த ஆளுக்கு இது கைக்கெட்டும் வேலைதான், குறுக்கே நிற்பது ஆர்டிஓவும் சட்டமும் மட்டுமே என்பதில் பேச்சு முடிகிறது. இந்த மூன்று கூற்றுகளையும் மறுக்கிறேன். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் இந்த வேலை இந்த நிலத்துக்குப் பொருந்தாது. வண்டி நகரத் தொடங்குவதற்குத்தான் நாலு சக்கர இழுவை உதவும். இங்கே உயிரைப் பறிப்பது நிற்க முடியாமையும் திரும்ப முடியாமையும். கொட்டகையில் செய்யும் மாற்றம் அந்த இரண்டையும் இன்னும் மோசமாக்குகிறது.

கணக்கிலிருந்து தொடங்கலாம். ஆளும் சரக்குமாக 1,000 கிலோ எடையுள்ள ஒரு வேன், அதில் 600 கிலோ பின்சக்கரத்தின் மேல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காய்ந்த தாரில் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு எடையில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. ஆகவே பின்சக்கரங்கள் மட்டுமே 420 கிலோ அளவுக்கு உந்த முடியும். சக்கரம் உருள்வதற்கான தடையைக் கழித்தாலும் 400 கிலோ மிஞ்சும். அதாவது பிடிப்பை மட்டும் பார்த்தால் நூறு மீட்டருக்கு நாற்பது மீட்டர் ஏறும் சரிவில்கூட அந்த வண்டி வழுக்காது. மழை பெய்து பிடிப்பு பத்தில் நாலாகக் குறைந்தாலும் நூறுக்கு இருபது ஏறலாம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி செங்குத்தான மலைப்பகுதியில், வேறு வழியே இல்லாத இடத்தில்கூட, சாலையின் ஏற்றம் நூறுக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. திருமலைக்கு முதல் கணவாய்ச் சாலை 1944இல் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த மலையில் மக்களை ஏற்றிக்கொண்டு போன வழக்கமான பேருந்துகள் பின்சக்கரம் மட்டும் இழுப்பவை. 2022 செப்டம்பரில் திருப்பதியில் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளும் அப்படியே. பிடிப்பு போதாமல் ஏற்றத்தில் நிற்பது அவற்றின் வழக்கமல்ல. ஏற்றத்தில் திணறும் வேன், இன்ஜினின் சக்தி போதாமலோ கியர் விகிதம் பொருந்தாமலோதான் திணறுகிறது. 796 சிசி இன்ஜின் தரும் முப்பத்தைந்து குதிரைத்திறனை நாலு சக்கரத்துக்குப் பிரித்துக் கொடுத்தால் அது ஐம்பதாகப் பெருகிவிடாது. வழியில் இன்னொரு டிஃபரன்ஷியலும் இன்னொரு பல்சக்கரப் பெட்டியும் வந்து அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

இறக்கத்துக்கு வந்தால் படம் மாறுகிறது. திருமலைச் சாலையில் ஏறும் வண்டி குறைந்தது 28 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும், இறங்கும் வண்டி 40 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தேவஸ்தானம் விதித்திருக்கிறது. நேரம் குறித்த சீட்டைக் கொண்டு இதைச் சரிபார்க்கிறார்கள். ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிக நேரம் கேட்கும் அந்த விதிக்குப் பின்னால், எந்தத் திசையில் ஆபத்து இருக்கிறது என்ற நீண்ட அனுபவம் இருக்கிறது. 2023 மே மாதம் இறங்குபாதையில் அடுத்தடுத்து விபத்துகள் நடந்தன. மின்சாரப் பேருந்து ஒன்றும் கவிழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 26 இரவு, நிச்சயதார்த்தத்துக்காக தர்மாவரத்திலிருந்து திருப்பதிக்கு ஆட்களை ஏற்றி வந்த தனியார் பேருந்து பாகராபேட்டைக் கணவாயின் வளைவில் பள்ளத்தில் பாய்ந்தது. ஏழு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இந்த விபத்துகளில் முன்சக்கரமும் இழுத்திருந்தால் என்ன மாறியிருக்கும்? எதுவுமே மாறியிருக்காது. எந்த வண்டியாக இருந்தாலும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. இரண்டு சக்கர இழுவை, நாலு சக்கர இழுவை என்ற பேதம் பிரேக் மிதியில் கால் வைத்த கணமே மறைந்துவிடுகிறது. வளைவில் வண்டியைச் சாலையோடு கட்டி வைப்பது டயரின் பக்கவாட்டுப் பிடிப்பும் எடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதும்தான். நாலு சக்கர வண்டி வழுக்கும் சாலையில் சுலபமாக வேகமெடுப்பதால், பிடிப்பு எவ்வளவு குறைவு என்பதை ஓட்டுநர் உணரத் தாமதமாகிறது. பின்சக்கரம் ஒரு தடவை சுழன்று எச்சரித்திருக்க வேண்டிய இடத்தை அவர் தெரியாமலே கடந்துவிடுகிறார்.

சேற்றில் நிலைமை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாந்தோப்புப் பாதையின் செம்மண் குழைந்துவிட்டால் பிடிப்பு பத்தில் மூன்றுக்கு இறங்கும், சக்கரம் உருள்வதற்கான தடையோ எடையில் பத்தில் ஒன்றுக்கு ஏறும். அதே 1,000 கிலோ வேனில் பின்சக்கர உந்து 180 கிலோ, அதில் 100 தடைக்கே போய்விடும். நாலு சக்கரமும் இழுத்தால் 300 கிடைக்கும், 200 மிஞ்சும். நூறுக்கு எட்டு ஏறக்கூடிய வண்டி நூறுக்கு இருபது ஏறும். பெரிய வித்தியாசம்தான், இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் இந்த வித்தியாசத்தைப் பெற முன்ஹவுசிங் ஒன்றுதானா வழி? அதே மாந்தோப்பிலும் கரும்புக்காட்டிலும் தினமும் வேலை செய்யும் டிராக்டரைப் பாருங்கள். நம் நாட்டு டிராக்டர்களில் மிகப் பெரும்பாலானவை பின்சக்கரம் மட்டும் இழுப்பவை. உழுத சேற்றில் டிரெய்லரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அவை வெளியே வருவதற்குக் காரணங்கள் உண்டு. எடையில் பெரும்பங்கு இழுக்கும் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டயர் பெரிது, அதன் பல் ஆழம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதி இருக்கிறது, டிஃபரன்ஷியலைப் பூட்டவும் ஒரு மிதி இருக்கிறது.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் நாலு சக்கர மோகம் தடுக்கி விழுகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு திருப்புவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுழன்றால் மறுபக்கச் சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். சேற்றில் மாட்டிய வேன் என்றால் பெரும்பாலும் ஒரு பின்சக்கரம் சுழல மற்றொன்று அசையாமல் நிற்பதைத்தான் பார்க்கிறோம். பூட்டு இல்லாத இன்னொரு டிஃபரன்ஷியலை முன்னாலும் மாட்டினால், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சக்கரங்கள் சுழலும், இரண்டு நிற்கும். பின்னால் ஒரு பூட்டும் டிஃபரன்ஷியல், அதற்கேற்ற பல்லுள்ள டயர், பின்பக்கம் நாலு மூட்டை எடை. இவை உள்ள பின்சக்கர வேன், பூட்டில்லாத நாலு சக்கர வேனை எத்தனையோ சேற்றில் முந்திவிடும். மொத்த எடை மாறாமல் சுமையைப் பின்னால் நகர்த்தி பத்தில் ஏழு பங்கு எடையைப் பின்சக்கரத்தின் மேல் கொண்டுவந்தால் மேலே சொன்ன 180 கிலோ உந்து 210 ஆகிறது, மிச்சம் 80இலிருந்து 110க்கு ஏறுகிறது. ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் கிடைக்கும் லாபம் இது.

சுவர்ணமுகி மணலுக்கு இன்னும் எளிய பதில் இருக்கிறது. முப்பது பவுண்டு காற்றைப் பதினெட்டுக்கு இறக்கினால் டயர் அகன்று மணல் மேல் மிதந்து போகும், கரையேறியதும் காற்றை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடும்போது? 2021 நவம்பர் மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கல்யாணி அணையின் மதகுகளைத் திறந்தார்கள், ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று ஊர்களைக் காலி செய்தார்கள், ஸ்ரீவாரி மெட்டுப் படிவழி சிதைந்தது, மலைச்சாலையில் பாறைகள் உருண்டன. வெள்ளம் தாண்டிப் போக நாலு சக்கர வண்டி வேண்டும் என்ற பேச்சுக்கு அப்போது வலு கூடியது. அந்தப் பேச்சு ஆளைக் கொல்லக்கூடியது. ஆம்னி மூன்றே கால் மீட்டருக்குச் சற்று அதிக நீளமும் 1.4 மீட்டர் அகலமும் கொண்டது, வெறும் வண்டியின் எடை 800 கிலோவுக்கும் குறைவு. அடித்தகட்டுக்கு மேல் தண்ணீர் 17 சென்டிமீட்டர் ஏறினால் அது இடம்பெயர்க்கும் நீரின் எடை வண்டியின் எடைக்குச் சமமாகிவிடும். நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒரு சாணுக்குச் சற்று மேல் போதும். மிதக்கத் தொடங்கிய வண்டிக்கு இரண்டு சக்கரம் இழுத்தால் என்ன, நாலு இழுத்தால் என்ன, தரையையே தொடாத சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? அந்த நவம்பரில் ஊர்களைத் துண்டித்தவை மூழ்கிய தரைப்பாலங்களும் அடித்துச் செல்லப்பட்ட சாலைகளும். இதற்கு வேண்டியது உயர்ந்த பாலம். அதைக் கேட்க வேண்டிய இடம் பஞ்சாயத்து ராஜ் துறை, புதுப்பேட்டை அல்ல.

இனி அந்தக் கொட்டகை வேலையையே கூர்ந்து பார்க்கலாம், ஏனென்றால் தன்னம்பிக்கை மிகுந்த பேச்சு அங்கேதான் நடக்கிறது. ஆம்னியின் முன்சக்கரங்கள் இழுப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றின் ஹப்பில் அச்சு நுழைய வழி கிடையாது, தனித்தனியே தொங்கும் ஸ்ட்ரட் அமைப்பில் டிஃபரன்ஷியலுக்கு இடமும் கிடையாது. எனவே அந்த முன்பகுதியை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு ஜிப்சியின் ஒற்றைக்கட்டை முன்ஹவுசிங்கை லீஃப் ஸ்பிரிங் பட்டைகளோடு கீழே கொண்டுவர வேண்டும். ஜிப்சி ஏணிபோன்ற தனிச் சேஸிஸ் உள்ள வண்டி. ஆம்னிக்கு உடலும் சேஸிஸும் ஒன்றே, மடித்த தகட்டால் ஆனது. பட்டையின் முனைகள் வந்து தாங்கும் இடத்தில் ஒவ்வொரு குழிக்கும் நூற்றுக்கணக்கான கிலோ உதை விழும். அந்த உதையைத் தாங்குவது ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தகடும் அதன் மேல் பற்றவைத்த ஒரு ப்ளேட்டும்தான். பற்றவைத்த இடம் உறுதியாகவே இருக்கலாம், விரிசல் விடுவது அதன் விளிம்பில் சூடு தின்ற தகடு. அதுவும் முதல் நாளில் விடாது, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு விடும். அது எப்போது, எங்கே விடும் என்பதைச் சோதித்துப் பார்க்கக் கம்பெனிகள் ஒரு வண்டியை மாதக்கணக்கில் குலுக்கும் மேடையில் ஏற்றி வைக்கின்றன. கொட்டகையில் அந்தச் சோதனை நடப்பதே இல்லை. அது நடப்பது குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் சாலையில்.

ஸ்டியரிங்கையும் பாருங்கள். ஆம்னியில் ராக் அமைப்பு. ஒற்றைக்கட்டை ஹவுசிங்குக்கு அது பொருந்தாது, வேறு ஸ்டியரிங் பாக்ஸும் நீளமான இழுதடியும் வேண்டும். அந்தத் தடி சுழலும் மையமும் பட்டை அசையும் மையமும் ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால், சக்கரம் குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் வண்டி தானாகவே ஒரு பக்கம் திரும்பும். சமதளத்தில் இது எரிச்சலோடு போய்விடும். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக உள்ள கணவாயில் அப்படிப் போகாது. ஆம்னியில் ஓட்டுநரும் இன்ஜினும் முன் அச்சின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், ஹவுசிங் மேலும் கீழும் அசைய இடம் வேண்டுமென்றால் உடலையே உயர்த்தியாக வேண்டும். சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் அகலம், எடையின் மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், பாதி அகலத்தை உயரத்தால் வகுக்கும் நிலைப்புக் கணக்கு 0.92 வரும். பத்து சென்டிமீட்டர் உயர்த்தினால் 0.80 ஆகிவிடும். குடை சாய்வதற்கு எதிரான வலுவில் எட்டில் ஒரு பங்கு போகிறது, மேலே லக்கேஜ் கேரியரை ஏற்றுவதற்கு முன்பே. ஆம்னி ஏற்கெனவே குறுகிய, உயரமான வண்டி. இழப்பதற்கென்று அதனிடம் மிச்சமான நிலைப்பு ஒன்றும் இல்லை.

முன்னும் பின்னும் உள்ள கிரவுன் பினியன் விகிதங்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் அறிவார்கள், "கிட்டத்தட்ட ஒன்றாக" இருந்தால் போதும் என்று நினைப்பவர்களும் பலர். ஒன்று 4.1, மற்றொன்று 3.9 என்றால் வித்தியாசம் நூறுக்கு ஐந்து. ஒவ்வொரு நூறு மீட்டர் ஓட்டத்திலும் ஏதோ ஓர் அச்சின் டயர் ஐந்து மீட்டர் தரையில் தேய்ந்தாக வேண்டும். தேய இடம் இல்லாத காய்ந்த தாரில் அந்த முறுக்கு ஷாஃப்டிலும் ஜாயிண்டிலும் பல்சக்கரத்திலும் ஏறிக்கொண்டே போகும், ஏதாவது ஒன்று உடையும்வரை. விகிதம் துல்லியமாகப் பொருந்தினாலும், நடு டிஃபரன்ஷியல் இல்லாத ஜிப்சி வகை அமைப்பில் வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போவதால் அதே முறுக்கு ஏறும். கொண்டை ஊசி வளைவுள்ள தார்ச்சாலையில் நாலு சக்கரத்தைப் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது என்பதுதான் இதன் பொருள். இவ்வளவு பாடுபட்டுச் செய்யும் இந்த அமைப்பை, எதற்காகச் செய்தோமோ அந்த மலைச்சாலையிலேயே அணைத்து வைக்க வேண்டும்.

சுசுகியே செய்ததே என்பார்கள். உண்மைதான். 1984இல் மாருதி வேன் என்று இங்கே வந்து பின்னர் ஆம்னியான வண்டிக்கு மூலம் சுசுகி கேரி, அது ஜப்பானில் நாலு சக்கர இழுவையோடும் விற்றது. இலங்கையின் மலையகச் சாலைகளில் ஜப்பானிலிருந்து வந்த நாலு சக்கர வேன்களை இன்றும் காணலாம். ஆனால் ஒரு நிறுவனம் செய்வதும் ஒரு கொட்டகை செய்வதும் ஒரே வேலை என்று இதிலிருந்து எப்படித் தேறும்? ஃபோக்ஸ்வாகன் தன் மூன்றாம் தலைமுறை வேனுக்கு நாலு சக்கர இழுவை கொடுக்க விரும்பியபோது, சொந்தப் பொறியாளர்கள் எத்தனையோ பேர் இருந்தும், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஸ்டெயர்-டைம்லர்-புக் நிறுவனத்தோடு சேர்ந்தது. ராணுவ வண்டிகளில் பல பத்தாண்டு கைத்தேர்ச்சி உள்ள நிறுவனம் அது. 1985இல் வெளிவந்த அந்த சிங்க்ரோ வேனில் எரிபொருள் தொட்டியையே இடம் மாற்றினார்கள். அடிப்பகுதியை வலுப்படுத்தினார்கள். முன்னும் பின்னும் முறுக்கு ஏறாமலிருக்க முன் டிஃபரன்ஷியல் கூட்டில் பிசுபிசுப்பான திரவத்தில் இயங்கும் கப்ளிங்கை வைத்தார்கள். வண்டியை முழுவதுமாக மறுபடி வடிவமைத்தார்கள் என்பதே இதன் சாரம். சுசுகி செய்ததும் தொழிற்சாலை வேலைதான்.  முன்னோடியாக இந்த நிறுவனங்களைக் காட்டுகிறவர்கள், அவை எவ்வளவு தூரம் போய் அந்த முடிவை எட்டின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மலைக்கிராமத்து மக்களின் தேவையைச் சொல்லி எழுப்பும் எதிர்வாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பிரசவ வலியில் இருப்பவளை டோலி கட்டித் தூக்கிவரும் ஊர்கள் ஆந்திரத்தின் பழங்குடி ஏஜென்சிப் பகுதியில் இன்னும் இருக்கின்றன, அங்கே ஒரு நாலு சக்கர வேன் உயிர் காக்காதா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மாநிலமே ஒரு விடை கண்டுபிடித்தது. 2018இல் அந்தப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்ட ஃபீடர் ஆம்புலன்ஸ்கள் பக்கத்தில் படுக்கை பொருத்திய மோட்டார் சைக்கிள்கள். ஒரே சக்கரம் இழுக்கும் வண்டிகள்தான் அவை. ஒற்றையடிப் பாதையில் அகலமும் எடையுமே தடை. வண்டி குறுகலாகவும் இலகுவாகவும் இருந்தால் போகும், பருத்துக் கனமாக இருந்தால் எத்தனை சக்கரம் இழுத்தாலும் போகாது. கொட்டகை மாற்றமோ வண்டியை நூறு கிலோவை ஒட்டிக் கனமாக்குகிறது, அடிப்பாகத்தில் கல்லில் மோதுவதற்கு இன்னொரு டிஃபரன்ஷியல் உருண்டையைத் தொங்கவிடுகிறது. சேஷாசலத்துக் கற்பாதையில் வேனின் பகை அந்தக் கற்களின் உயரம்தான், அதைச் சரியான டயராலும் சம்ப்புக்கு அடியில் ஒரு கனத்த தகட்டாலும் சமாளிக்க வேண்டும். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு ஜீப் தினமும் ஏறவில்லையா என்று கேட்டால், ஏறுகிறதுதான். அது பிறக்கும்போதே அதற்கென்று பிறந்த வண்டி, ட்ரான்ஸ்ஃபர் கேஸில் இழுவையை இரண்டு மடங்குக்கு மேலாக்கும் தாழ்ந்த கியர் உள்ள வண்டி. அந்த ஜீப்புகளின் வெற்றியில் பெரும்பங்கு அந்தத் தாழ்ந்த கியருக்கும், நடக்கும் வேகத்தில் ஓட்டத் தெரிந்த ஓட்டுநருக்கும் சேர வேண்டியது. புகழ் முழுவதும் நாலு சக்கரத்துக்குப் போய்விடுகிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ என்று விதித்தது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் இது வழிவிடுகிறது. ஆனால் இந்தத் தடையை அப்படியே போற்றவும் எனக்கு மனமில்லை. எரிவாயு கிட், உடல் ஊனமுற்றவர்களுக்கான மாற்றங்கள், மின்சாரமாக்கல் ஆகியவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட வழி உண்டு. ஆனால் ஒரு தனிமனிதர் தன் கையால் செய்ததைக் கொண்டுபோய் ஒரு பொறியாளர் முன் நிறுத்தி, சோதித்துச் சான்று வாங்கும் வழி நம் நாட்டில் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் இருக்கிறது. அதுபோன்ற வழி இங்கேயும் வர வேண்டும் என்று கேட்பது நியாயம், அதை நானும் கேட்கிறேன். ஆனால் அந்தச் சோதனை மேடை நாளை திறந்தாலும் ஆம்னியின் தகட்டில் பற்றவைத்த ஜிப்சி ஹவுசிங் அதில் தேறும் என்று நான் நினைக்கவில்லை. மேலும் இந்தப் பகுதிக்கென்று ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. சேஷாசலம் செம்மரக் காடு. அதில் ஒரு பகுதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள்ளும் பெரும்பகுதி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள்ளும் வருகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி, தமிழ்நாட்டிலிருந்து வந்த இருபது பேர் இந்தக் காட்டில்தான் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அனுமதி இல்லாமல் வண்டி நுழையக் கூடாத காட்டுக்காக, அடிப்பாகம் முழுவதையும் மாற்றிய பதிவு பொருந்தாத வேன் ஒன்றை உருவாக்கி, அதை இரவில் வனத்துறைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவது யாருக்கும் நல்லதல்ல.

கடைசியாகக் கைவேலையின் மகிழ்ச்சி. சொந்தக் கையால் ஓர் இயந்திரத்தைப் பிரித்து, புரிந்துகொண்டு, மறுபடி ஓடவைப்பது உயர்ந்த கல்வி. திருப்பதி ஆட்டோ நகர்ப் பட்டறைகளில் பள்ளிப் படிப்பு இல்லாமலே அந்தக் கல்வியில் கரைகண்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கையை அடக்கு என்று நான் சொல்லவில்லை. நாலு சக்கர இழுவை கட்டாயம் வேண்டும் என்றால், அதே காசுக்கும் அதே மாதங்களுக்கும் ஒரு பழைய ஜிப்சியையே வாங்கிச் செப்பனிடலாம். ராணுவம் கழித்துவிட்டவை ஏலத்தில் வந்துகொண்டே இருந்தன. துருவை வெட்டித் தகடு வைப்பது, ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்து பேரிங் மாற்றுவது, முன் ஹப்பின் நக்கிள் மூட்டுகளுக்குச் சீல் போடுவது என்று கற்றுக்கொள்ள அதிலேயே ஓராண்டு வேலை இருக்கிறது. பதிவுச் சான்றும் பொருந்தியே இருக்கும். வேனை விட மனமில்லாதவர்களுக்கும் கொட்டகையில் வேலைக்குக் குறைவில்லை. பிரேக் குழாய்களை முழுவதும் மாற்றலாம். பல ஆம்னிகளில் அவை துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஈரம் உறிஞ்சிப்போன பிரேக் ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றலாம், நீண்ட இறக்கத்தில் மிதி திடீரென்று தரைக்குப் போவதற்கு அந்தப் பழைய ஆயில் கொதிப்பதும் ஒரு காரணம். டிரம்மைக் கடைந்து லைனிங்கைச் சரியாக உட்காரவைக்கலாம். கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல பல்லுள்ள டயர் போடலாம். களைத்துப்போன பின்பட்டைகளை மாற்றினால் தொங்கிப்போன பின்புறம் மறுபடி நிமிரும், அடியில் இரண்டு விரற்கடை இடம் கூடும். முன்னும் பின்னும் இழுத்துக் கட்டும் கொக்கிகளுக்கு உறுதியான இடம் செய்து, ஒரு கைவின்ச்சும் நல்ல கயிறும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். மாந்தோப்புச் சேற்றில் ஒரு சக்கரம் புதைந்த வேனை அந்தக் கயிற்றைப் பக்கத்து மரத்தோடு கட்டி பத்து நிமிடத்தில் வெளியே எடுத்துவிடலாம், பட்டையையும் ஸ்டியரிங்கையும் தொடாமல்.